லேப்டாப்புக்குள் ஒரு தேனி நெட்வொர்க்

ஆண்டிபட்டிக்காரர் ஒருவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டர் இருப்பது தேனியில். நோயாளி தன் ஊரிலுள்ள கண் பரிசோதனை மையத்துக்குப் போய் உட்கார்ந்தால் போதும். அங்கிருக்கும் பணியாளர் கண்ணைச் சோதிப்பார், தேனியிலிருக்கும் டாக்டர் திரையில் முகம் பார்த்துப் பேசி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை இந்த ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2000-களின் நடுப்பகுதியில். ஊர்களில் நல்ல இணைய வசதி இல்லாத காலம் அது. அதனால் மருத்துவமனைக்கென்றே தனியாக ஒரு நெட்வொர்க் கட்டப்பட்டது.

கட்டியவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் வழிநடத்திய ஆய்வுக் குழுவினர். முன்னறையிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் திணறுகிறதே, அதே வைஃபையைத்தான் அவர்கள் ஊர்விட்டு ஊர் அனுப்பினார்கள். ஐந்து மையங்கள், 11 ரவுட்டர்கள், 9 நேர் இணைப்புகள். இருப்பதிலேயே சிறிய இணைப்பு 1 கிலோமீட்டர், நீளமான ஆண்டிபட்டி இணைப்பு 15 கிலோமீட்டர். ஆறு ரவுட்டர்கள் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில் ஏறின. மற்றவை மொட்டைமாடிக் கம்பங்களில் நின்றன. ஒரு ஜவுளி ஆலையின் மின்நிலையப் புகைபோக்கியும் கோபுரமாகப் பயன்பட்டது.

அந்தக் கோபுரங்களின் உச்சியில் இருந்தவை விலையுயர்ந்த சிறப்புக் கருவிகள் என்று நினைத்துவிட வேண்டாம். 266 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள சின்னஞ்சிறு கணினிப் பலகைகள், அவற்றில் லினக்ஸ், லினக்ஸின் மேல் தரவுப் பொட்டலங்களைக் கடத்தும் மென்பொருள், அவ்வளவுதான். இன்று எந்த வீட்டிலும் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப் அதைவிடப் பல மடங்கு வலுவானது. அப்படியானால் அந்த 11 ரவுட்டர்களையும் ஒரே லேப்டாப்புக்குள் ஓட்ட முடியுமா? முடியும். தாராளமாகவே முடியும். வீட்டு நெட்வொர்க் ஆய்வுக்கூடம் என்பது அதுதான்.

ரவுட்டர் செய்வதும் ஸ்விட்ச் செய்வதும்

கம்பத்திலிருந்து பெரியகுளம் போகிறவர் தேனி பேருந்து நிலையத்தில் இறங்கி பஸ் மாறுகிறார். கம்பத்தில் டிக்கெட் கொடுத்த கண்டக்டருக்குப் பெரியகுளத்தின் தெருக்கள் தெரிய வேண்டியதில்லை, தேனி வரை கொண்டுபோய் விட்டால் போதும். ரவுட்டரின் வேலையும் இதுவே. தன்னிடம் வரும் தரவுப் பொட்டலத்தின் சேருமிட முகவரியைப் பார்க்கும், தன் வழி அட்டவணையில் தேடும், அடுத்த ரவுட்டர் எது என்று கண்டு அந்தப் பக்கம் தள்ளிவிடும். முழுப் பாதையையும் எந்தப் பொட்டலமும் கையில் வைத்திருப்பதில்லை.

ஸ்விட்ச் ஒரே கட்டடத்துக்குள் வேலை செய்வது. ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளத்தில் ஒரு மேக் முகவரி உண்டு. எந்த முகவரி எந்தத் துளையிலிருந்து பேசியது என்று கவனித்துக் கவனித்தே ஸ்விட்ச் தன் அட்டவணையை நிரப்பிக்கொள்ளும். தெரியாத முகவரிக்கு ஏதாவது வந்தால், வந்த துளையைத் தவிர மற்ற எல்லாத் துளைகளிலும் அனுப்பிவிடும். இந்தப் பழக்கம் ஒரு பெரிய ஆபத்துக்கும் காரணம், அதைப் பின்னால் பார்ப்போம்.

பெட்டி நிரலான கதை

நெட்வொர்க் படிக்க ஆசைப்பட்டவர்கள் ஒருகாலத்தில் பழைய ரவுட்டர்களை விலைக்கு வாங்கி அடுக்கிவைத்தார்கள். மின்கட்டணம் ஏறும், விசிறிச் சத்தத்தில் தூங்க முடியாது. 2005-ல் பிரான்சின் கொம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஃபியோ 'டைனமிப்ஸ்' என்ற நிரலை எழுதினார். சிஸ்கோ 7200 ரவுட்டரின் வன்பொருளைச் சாதாரணக் கணினிக்குள் அது பாவனை செய்தது. ரவுட்டரின் அசல் மென்பொருளுக்குத் தான் ஒரு பி.சி.க்குள் ஓடுகிறோம் என்பதே தெரியாது. இந்த நிரலுக்கு மேல் மவுஸால் இழுத்துப்போட்டு வரைபடம் அமைக்கும் வசதியோடு ஜெரமி கிராஸ்மன் உருவாக்கிய ஜி.என்.எஸ்.3 2008-ல் வெளிவந்தது. உலகம் முழுவதும் மாணவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கும் பாக்கெட் டிரேசர் என்ற நிரல் வேறு வகை. ரவுட்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று அதை எழுதியவர்கள் எதிர்பார்த்ததை மட்டுமே அது நடித்துக் காட்டும். அரிச்சுவடிக்கு அது போதும். அசல் ரவுட்டர் மென்பொருளை ஓட்டினால், அதை எழுதியவரே எதிர்பார்க்காத கோளாறுகளும் சேர்ந்து வரும். வேலைக்குப் போகிறவர் பழக வேண்டியது அவற்றோடுதான்.

வணிக நிறுவனங்களின் மென்பொருளுக்கு உரிமம் வேண்டும், சிலவற்றுக்கு ஒரு ரவுட்டருக்கே பல ஜி.பி. நினைவகம் தேவைப்படும். தொடங்குகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஜப்பானில் குனிஹிரோ இஷிகுரோ 1996-ல் தொடங்கிய 'ஜீப்ரா' என்ற கட்டற்ற ரவுட்டர் மென்பொருள், பிறகு 'குவாகா' ஆகி, 2017-ல் எஃப்.ஆர்.ரவுட்டிங் என்ற பெயரில் புதுக்கிளை விட்டது. பெரிய தரவு மையங்களில் ஓடும் இந்த மென்பொருளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

லினக்ஸுக்குள் 'நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்' என்றொரு வசதி உண்டு. ஒரே இயங்குதளத்துக்குள் தனித்தனி முகவரிகளும் தனித்தனி வழி அட்டவணைகளும் கொண்ட அறைகளை அது தடுத்துக்கொடுக்கும். ஓர் அறைக்கு ஒரு ரவுட்டர். இரண்டு அறைகளை இணைக்க விர்ச்சுவல் கேபிளும் உண்டு, ஒரு முனையில் நுழைந்தது மறுமுனையில் அப்படியே வெளிவரும். முழுக் கணினியைப் பாவனை செய்ய வேண்டிய அவசியம் இல்லாததால், 4 ஜி.பி. ரேம் உள்ள லேப்டாப்பிலேயே பத்துப் பதினைந்து ரவுட்டர்கள் சாதாரணமாக ஓடும்.

வரைபடம் போடுவோம்

முதலில் தாள், பேனா. ஆறு ஊர்களை வட்டங்களாக வரைந்து எண் கொடுப்போம்: தேனி 1, பெரியகுளம் 2, ஆண்டிபட்டி 3, போடி 4, சின்னமனூர் 5, கம்பம் 6. தேனியிலிருந்து பெரியகுளம், ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர் ஆகிய நான்குக்கும் கோடு இழுப்போம். போடிக்கும் சின்னமனூருக்கும் நடுவே ஒரு கோடு, சின்னமனூரிலிருந்து கம்பத்துக்கு ஒரு கோடு. தேனி, போடி, சின்னமனூர் மூன்றும் ஒரு முக்கோணம் ஆகிவிட்டன. பாடம் முழுக்க அந்த முக்கோணத்தில்தான் இருக்கிறது.

அடுத்து முகவரி. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கப்பட்ட தனியார் முகவரிகளில் 10-ல் தொடங்குபவை முழுவதும் அடங்கும். ஒவ்வொரு ஊர் ரவுட்டருக்கும் பின்னால் ஒரு பி.சி. இருப்பதாக வைத்துக்கொண்டு, தேனிப் பக்கத்துக்கு 10.1.1.0, கம்பத்துப் பக்கத்துக்கு 10.1.6.0 என்று கொடுப்போம். போடி–சின்னமனூர் கேபிளுக்கு 10.2.45.0. எண்ணைப் பார்த்த உடனே ஊர் தெரிய வேண்டும். நடுராத்திரியில் கோளாறு தேடும்போது இந்த ஒழுங்கு எவ்வளவு உதவும் என்பது அனுபவத்தில்தான் தெரியும்.

அறைகளையும் கேபிள்களையும் உருவாக்கி முகவரி கொடுத்தாயிற்று. கம்பத்து பி.சி.யிலிருந்து தேனி பி.சி.க்கு 'இருக்கிறாயா?' என்று கேட்கும் பிங் ஒன்றை அனுப்பினால் பதில் வராது. முதல் காரணம், தனக்கு வராத பொட்டலத்தை அடுத்தவருக்குக் கடத்தும் வேலையை லினக்ஸ் தானாகச் செய்யாது. அனுமதி கொடுத்தால்தான் அது ரவுட்டர் ஆகும். அனுமதி கொடுத்து, கம்பத்திலும் சின்னமனூரிலும் தேனிக்கு வழி எழுதிய பிறகும் பதில் வராது.

இந்த இடத்தில் நிதானமாக வயர்ஷார்க்கைத் திறந்து பார்க்க வேண்டும். கம்பியில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டும் இந்தக் கட்டற்ற கருவியை ஜெரால்டு கோம்ப்ஸ் 1998-ல் 'எதீரியல்' என்ற பெயரில் வெளியிட்டார். தேனி பக்கம் அதை வைத்துப் பார்த்தால், கம்பத்தின் கேள்வி தேனி பி.சி. வரை ஒழுங்காக வந்து சேர்கிறது. பி.சி. பதில் எழுதித் தேனி ரவுட்டரிடம் கொடுக்கிறது. ரவுட்டரின் அட்டவணையில் 10.1.6.0 என்ற வரியே இல்லை. பதிலை அங்கேயே கைவிட்டுவிட்டு, 'அந்த ஊருக்கு வழியில்லை' என்று பி.சி.க்குச் சொல்லிவிடுகிறது. போகிற வழி சரி, திரும்பும் வழி இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ மொத்த நெட்வொர்க்கும் செத்துக்கிடப்பதாகத் தோன்றும். 'பதில் வரவில்லை' என்பதற்கு 'கேள்வி போகவில்லை' என்று பொருளில்லை என்பதை இப்படி ஒருமுறை கண்ணால் பார்த்தவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

கோட்டை அறுத்துப் பார்ப்போம்

ஆறு ரவுட்டர்களுக்கு வழிகளைக் கையால் எழுதலாம், அறுபதுக்கு முடியாது. அதற்கு ஓ.எஸ்.பி.எஃப் என்ற நெறிமுறை இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் தன்னோடு இணைந்திருப்பவர்கள் யார் யார், அந்த இணைப்பின் செலவு என்ன என்று மற்ற எல்லோருக்கும் அறிவிக்கும். எல்லோர் கையிலும் ஒரே வரைபடம் சேரும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட குறுக்குவழிக் கணக்கை வைத்து, ஒவ்வொன்றும் தனக்கான பாதைகளைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். எஃப்.ஆர்.ரவுட்டிங்கில் இதை இயக்கிச் சிறிது நேரம் பொறுத்தால், கையால் எழுதாத வழிகள் எல்லா அட்டவணைகளிலும் வரிசையாக வந்து உட்காரும்.

இனி தேனி–சின்னமனூர் கேபிளை அணைத்துவிட்டு, பொட்டலம் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். கம்பத்திலிருந்து சின்னமனூர், அங்கிருந்து தேனி என்று போன பாதை இப்போது போடியைச் சுற்றித் தேனிக்குப் போகும். யாரும் கை வைக்காமலே முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் வேலையை எடுத்துக்கொண்டன. மாற்றம் சட்டென்று நடந்துவிடும்.

கேபிளைப் பழையபடி இணைத்துவிட்டு, இன்னொரு விதமாக அறுக்கலாம். லினக்ஸில் 'நெட்எம்' என்ற வசதி இருக்கிறது. ஓர் இணைப்பில் இவ்வளவு தாமதம், இவ்வளவு இழப்பு என்று சொன்னால் அப்படியே நடத்திக் காட்டும். தேனி–சின்னமனூர் இணைப்பின் இரு முனைகளிலும் நூற்றுக்கு நூறு இழப்பு வையுங்கள். கேபிள் உயிரோடு இருப்பதாகவே இரு ரவுட்டர்களும் நம்பும், ஆனால் ஒரு பொட்டலமும் போகாது. ஓ.எஸ்.பி.எஃப் வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை பக்கத்து ரவுட்டருக்கு வணக்கம் சொல்லும். 40 விநாடி வரை பதில் வணக்கம் வராவிட்டால்தான் 'போய்விட்டது' என்று முடிவு கட்டும். அதுவரை பொட்டலங்கள் அத்தனையும் பாழாகும்.

கோபுர இணைப்புகளில் அடிக்கடி நடப்பது இந்த இரண்டாவது வகைதான். ரவுட்டரிலிருந்து ரேடியோவுக்குப் போகும் கம்பி நன்றாக இருக்கும், ரேடியோவுக்கு அப்பால் காற்றில் இணைப்பு அறுந்திருக்கும். டாக்டரும் நோயாளியும் பேசிக்கொண்டிருக்கும்போது 40 விநாடி உறைந்த திரை என்பது மிக நீண்ட நேரம். பி.எஃப்.டி என்ற துணை நெறிமுறை இதற்கான மருந்து. விநாடிக்குச் சில முறை நாடி பார்த்து, ஒரு விநாடிக்குள்ளாகவே செய்தி சொல்லிவிடும். அதை இயக்கி, அதே இழப்பை மறுபடி வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 40 விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் உள்ள வேறுபாடு அப்போது வெறும் எண்ணாகத் தெரியாது.

சுழலில் சிக்கும் ஸ்விட்ச்

அடுத்த சோதனைக்கு மூன்று விர்ச்சுவல் ஸ்விட்ச்கள் போதும். லினக்ஸில் இவற்றுக்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். மூன்றையும் வட்டமாக இணைத்து, ஒரு பி.சி.யிலிருந்து 'இந்த முகவரி யாருடையது?' என்று எல்லோருக்குமான ஒரே ஒரு கேள்வியை அனுப்புங்கள். ஒவ்வொரு ஸ்விட்சும் அதை மற்ற துளைகளில் அனுப்பும். வட்டத்தில் இரண்டு திசைகளிலும் அது சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து பூஜ்யமானதும் கைவிடப்படும். ஸ்விட்ச்கள் கடத்தும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அப்படி எதுவும் இல்லை. சில விநாடிகளில் லேப்டாப்பின் விசிறி வேகமெடுக்கும், வயர்ஷார்க்கில் வரிகள் அருவியாகக் கொட்டும். அலுவலகத்தில் யாரோ தெரியாமல் ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால், மொத்த அலுவலகமும் முடங்குவது இப்படித்தான்.

இதற்கு விடை கண்டவர் ரேடியா பெர்ல்மன். 1985-ல் அவர் வகுத்த 'ஸ்பேனிங் ட்ரீ' முறையில் ஸ்விட்ச்கள் தங்களுக்குள் பேசி ஒரு தலைமையைத் தேர்ந்தெடுக்கும். சுழலை உண்டாக்கும் துளையை மூடிவைக்கும். வேறொரு கேபிள் அறுந்தால் மூடியதைத் திறக்கும். லினக்ஸ் பிரிட்ஜில் இது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதை இயக்கி அரை நிமிடம் காத்திருந்தால் புயல் அடங்கிவிடும்.

இந்தச் சோதனைக்குக் கட்டாயமான விதி ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்து பிரிட்ஜ் எதையும் வீட்டு வைஃபையோடோ கல்லூரி நெட்வொர்க்கோடோ இணைக்கவே கூடாது. அறைக்குள் அடிக்கும் புயல் அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

கோபுரத்தில் ஏறாமல் திரும்புவது எப்படி

தூரத்து ரவுட்டரின் முகவரியைத் தவறாக மாற்றினால், மாற்றிய கணமே அதோடு நமக்குள்ள தொடர்பும் போய்விடும். திருத்த நினைத்தாலும் உள்ளே போக வழி இருக்காது. அசல் நெட்வொர்க்கில் இதற்கு விலை, ஒருவர் வண்டி எடுத்துப் போய் 42 மீட்டர் கோபுரம் ஏறுவது. 2021 அக்டோபர் 4-ல் பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளையால் ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு நெட்வொர்க்கே துண்டிக்கப்பட்டது. பொறியாளர்கள் தொலைவிலிருந்து நுழைய வேண்டிய வழியும் அதோடு அடைபட்டது. சேவைகள் திரும்ப ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று.

தேனிக் குழு இதை முன்கூட்டியே யோசித்திருந்தது. மொத்த வழி அட்டவணையும் கெட்டுப்போனாலும் ஒரு ரவுட்டரிலிருந்து பக்கத்து ரவுட்டருக்கு மட்டும் போகக்கூடிய இணைப்பு முகவரிகளைத் தனியே வைத்தார்கள். அவற்றைப் பிடித்து ஒவ்வொரு ரவுட்டராக நடந்துபோய்க் கோளாறு உள்ள இடத்தை அடையலாம். இன்று ஐபிவி6 இந்த வசதியைத் தானாகவே தருகிறது. நம் ஆய்வுக்கூடத்தில் போடியின் முகவரிகளை வேண்டுமென்றே அழித்துவிட்டு, இந்த வழியாக உள்ளே போய்ச் சரிசெய்து பழகலாம். வையோஸ் என்ற கட்டற்ற ரவுட்டரில் இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. மாற்றத்தைச் செய்த பத்து நிமிடத்துக்குள் 'சரிதான்' என்று உறுதி செய்யாவிட்டால், ரவுட்டர் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தன்னை வெளியே பூட்டிக்கொண்டவரால் உறுதி செய்ய முடியாது, அதுவே அவரைக் காப்பாற்றும்.

லேப்டாப் சொல்லித்தராதவை

விர்ச்சுவல் கேபிளுக்கு இடி விழாது. தேனி நெட்வொர்க்கை அதிகம் பாடாய்ப்படுத்தியது மின்சாரம். ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில் அடாப்டர்கள் எரிந்தன, ரவுட்டர்களின் மெமரி கார்டுகள் கெட்டன. எழுதினால்தானே கெடும் என்று கார்டுகளைப் படிக்க மட்டும் உரியவையாக மாற்றினார்கள், உறைந்துபோன பலகையைத் தானாக மறுபடி கிளப்பும் காவல் சுற்றை வைத்தார்கள். தூரமும் இன்னொரு சிக்கல். 15 கிலோமீட்டரைக் கடக்க ரேடியோ அலைக்கு 50 மைக்ரோவிநாடி, 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வர இன்னொரு 50. சில நூறு மீட்டருக்கென வகுத்த வைஃபை அவ்வளவு பொறுக்காது. பதில் வரும் முன்பே 'தொலைந்தது' என்று எண்ணித் திரும்ப அனுப்பும். பெர்க்லி குழு இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி நெறிமுறையை மாற்றி, வேகத்தை இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்த்தியது. 2007-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை விளக்குகிறது. நெட்எம் இழப்பையும் தாமதத்தையும் தரும், காற்றின் குணத்தைத் தராது. கேபிள் முனையில் கிரிம்பிங் போடும் கைப்பழக்கத்தையும் களத்தில்தான் கற்க வேண்டும்.

ஆனால் களத்தில் கற்கவே முடியாத ஒன்று இருக்கிறது. ஓடுகிற நெட்வொர்க்கை உடைத்துப் பார்க்க அங்கே யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. மறுமுனையில் நோயாளி உட்கார்ந்திருக்கிறார். உடைத்துப் பார்க்காதவருக்கோ உடைந்த நாளில் எங்கே கை வைப்பது என்று தெரியாது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் வேலையை டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. அந்தக் கம்பிகளின் ஒவ்வொரு முனையிலும் கோளாறு பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். தேனியிலும் போடியிலும் உத்தமபாளையத்திலும் படிக்கும் பிள்ளைகள் அதற்காகப் பெருநகரத்துப் பயிற்சி மையங்களுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டியதில்லை.

தொடங்க மூன்று ரவுட்டர்கள் போதும்: தேனி, போடி, சின்னமனூர். பக்கத்தில் ஒரு நோட்டு. ஒவ்வொன்றையும் உடைக்கும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை முதலில் எழுதுங்கள், நடந்ததை அதற்குக் கீழே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத பக்கங்களை மட்டும் திரும்ப எடுத்து, காரணம் பிடிபடும் வரை வயர்ஷார்க்கில் தேடுங்கள். நோட்டு நிரம்பும்போது, முன்பின் பார்த்திராத நெட்வொர்க்கின் முன் உட்காரவும் உங்களுக்குத் தயக்கம் இருக்காது.